எக்ஸ்ரேயை நம்பி நான்கு வருஷம் ஊதியவன் சொல்வது

புகைபிடிக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதைப் பெட்டியிலேயே படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். நெஞ்சக நோய் ஓபி வரிசையில் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். எல்லாம் நான் செய்த அதே கோளாறுகள்.

எக்ஸ்ரே கிளியர்

போன வாரம் ஒருவர் கவரை ஆட்டிக் காட்டி, "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைண்ணே, வெறும் சிகரெட் இருமல்தான்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. 48 வயதில் நானும் இதையேதான் சொன்னேன். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் "டிபி இல்லை" என்றார். என் காதில் "நுரையீரல் நல்லா இருக்கு" என்று விழுந்தது. எதிர்க்கடையிலேயே ஒரு பாக்கெட் வாங்கினேன். அப்புறம் நான்கு வருஷம்.

எனக்கு இருந்தது சிஓபிடி. மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வரத் திணறும் நோய். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் டெஸ்ட்தான் காட்டிக்கொடுக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்துவிட்டு ஊதச் சொல்வார்கள். மொத்தமாக ஊதிய காற்றில் 70 சதவீதமாவது முதல் நொடியிலேயே வெளியே வர வேண்டும். வராவிட்டால் அடைப்பு இருக்கிறது. அன்றாடம் ஊதியவனுக்கு இதை ஒரு தரம் ஊதிப் பார்க்கத் தோன்றவில்லை.

52 வயதில் ஊதினேன். அந்த முதல் நொடிக் காற்று, என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் பாதிதான். சிகரெட்டை விட்டால் சரிவின் வேகம் குறையும். போனது திரும்பாது. அந்த நான்கு வருஷத்தை நினைத்தால் இன்னமும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"குறைச்சுட்டேன்"

விட்டீர்களா, இல்லையா?

கேப்சூலை விழுங்குவது

சிரிக்காதீர்கள், நிறையப் பேர் செய்கிறார்கள். இன்ஹேலர் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய மருந்துத் தூள் அது.

மூச்சு சரியானதும் இன்ஹேலரை நிறுத்துவது

சரியானதே அதனால்தான்.

எல்லா இன்ஹேலரையும் ஒரே மாதிரி இழுப்பது

பம்ப் என்றால் அழுத்தும்போதே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். தூள் என்றால் வேகமாக. இரண்டிலும் முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிடுங்கள். இழுத்தபின் 10 நொடி அடக்குங்கள். நர்ஸ் முன்னால் ஒரு தரம் செய்து காட்டுங்கள். நான் காட்டியது மூன்று வருஷம் கழித்து. "இத்தனை நாளும் மருந்து நாக்குக்குத்தான் போயிருக்கு சார்" என்றார்.