டயாலிசிஸ் வீட்டில் சிக்கனம்: எங்கே கையை இறுக்கக் கூடாது

என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் தொடங்கி ஐந்தாவது வருடம் நடக்கிறது. வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். முதல் இரண்டு வருடம் நாங்கள் செய்த செலவையும் சிக்கனத்தையும் இப்போது நினைத்துப் பார்த்தால், இரண்டுமே இடம் மாறித்தான் நடந்திருக்கின்றன. கொடுக்க வேண்டிய இடத்தில் கையை இறுக்கினோம். பயத்தில், யார் யாரோ சொன்னதற்கெல்லாம் அள்ளிக் கொடுத்தோம். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போது, புதிதாக வருகிற குடும்பங்களும் அதே வழியில் போவது தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்றை இரண்டாக்குவது

எங்களுக்குப் பெரிய அடி கொடுத்தது இதுதான். அப்போது ஒரு தனியார் மையத்தில் செய்துகொண்டிருந்தோம். வாரம் மூன்று முறையை இரண்டாக்கினால் மாதம் நான்கு முறைக்கான பணம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அவரும் சம்மதித்தார். சில மாதங்கள் ஓடின. தீபாவளி வாரத்தில் இன்னொரு நாளையும் தள்ளிப்போட்டோம். முறுக்கு, காராச்சேவு என்று உப்பு கூடிப்போய், தாகத்தில் தண்ணீரும் கூடிப்போனது. ஒரு விடியற்காலை அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஐசியூவில் மூன்று நாள். சில மாதங்களாக மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த மூன்று நாளில் கரைந்தது, மேற்கொண்டு கடனும் ஆனது.

நல்ல சிறுநீரகம் இரவு பகலாகச் செய்யும் வேலையை இயந்திரம் வாரத்துக்கு 12 மணி நேரத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறது. அதிலும் 4 மணி நேரத்தைப் பிடுங்கினால் நீரும் பொட்டாசியமும் உடம்பிலேயே தங்கிவிடும். பொட்டாசியம் ஏறினால் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத் துடிப்பு நின்றுபோகலாம். சிறுநீர் ஓரளவு போகிற சிலருக்கு வாரம் இரண்டு முறை போதும் என்று மருத்துவர் சொல்வதுண்டு. அது ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் எடுக்கும் முடிவு. நம் பர்ஸைப் பார்த்து நாம் எடுக்கக் கூடாது. "சீக்கிரம் எடுத்து விட்ருங்க தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று டெக்னீஷியனைக் கெஞ்சி 3 மணி நேரத்தில் முடித்துக்கொள்வதும் இதே தவறுதான்.

குறைக்க வேண்டியது ஒரு முறைக்கு ஆகும் செலவை. அதற்கு வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று இருந்த வரம்பைப் பிறகு 1,20,000 ஆக உயர்த்தினார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மட்டுமல்ல, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. "பெரியாஸ்பத்திரிக்கா, வேண்டவே வேண்டாம்" என்று நாங்களும் ஒரு வருடம் வீம்பாக இருந்தோம். கையிலிருந்த நகையெல்லாம் போன பிறகுதான் அங்கே போனோம். முதலிலேயே போயிருக்கலாம் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

இந்தக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்குவதையும் தள்ளிப்போடாதீர்கள். வருமானச் சான்று, ஆதார், குடும்ப அட்டை மூன்றையும் எடுத்து வைத்து, குடும்ப அட்டையில் நோயாளியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அவசரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு எழுத்துப் பிழை திருத்த அலைவது கொடுமை. ஏற்கெனவே தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடாதீர்கள். நோய் வந்த பிறகு புதிதாக ஒன்று கிடைப்பது மிகக் கடினம்.

கையில் போட வேண்டிய ஃபிஸ்டுலாவைத் தள்ளிப்போடுவது

ஃபிஸ்டுலா என்பது, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைப்பது. அது இல்லாதபோது கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும். "அதான் ஓடுதே, ஆபரேஷன் எதுக்கு?" என்று தோன்றும். அந்தக் குழாய் தற்காலிகமானது, கிருமி எளிதாகத் தொற்றும். ஒரு முறை குளிர்க் காய்ச்சல் வந்தால் ஊசி மருந்து, படுக்கை, புதுக் குழாய் என்று செலவு தொடரும். கையில் ஃபிஸ்டுலா போட்டால் அது பழுத்துப் பயன்பாட்டுக்கு வரச் சில வாரங்கள் ஆகும், அதனால் சீக்கிரம் முடிவெடுப்பது நல்லது. அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், ஊசி போட விடாதீர்கள், தண்ணீர்க் குடம் தூக்க விடாதீர்கள்.

போக்குவரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

சிகிச்சை இலவசம் என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிட்டேன். ஆட்டோவுக்குப் போக 150, வர 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 900, வருடத்துக்கு 46,800 ரூபாய். இதை எழுதிப் பார்த்த பிறகுதான் கண் திறந்தது. அதே ஷிப்டில் வருகிற, எங்கள் பக்கத்துத் தெருவுக்கு அடுத்த தெருக்காரர் ஒருவரோடு சேர்ந்து இப்போது ஒரே ஆட்டோவில் போகிறோம். செலவு பாதியாயிற்று. டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்குத் தலை சுற்றும், பிரஷர் இறங்கும். அதனால் திரும்பும்போது மட்டும் பஸ் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். போகும்போது பஸ்ஸில் போகலாம்.

சிகிச்சைக்காக ரயிலில் போய்வரும் டயாலிசிஸ் நோயாளிக்கும், துணைக்குப் போகும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி டிக்கெட் கவுன்டரில் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறுகள்

இதில்தான் காசும் உடம்பும் ஒரே சமயத்தில் வீணாகின்றன.

டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால், புரதத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு உணவுச் சீட்டு கொடுத்திருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் அது தலைகீழாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புரதம் உடம்பிலிருந்து வெளியே போவதால் கூடுதலாகவே சாப்பிட வேண்டும். எங்களுக்கு அது தெரியவில்லை. பழைய சீட்டையே பிடித்துக்கொண்டு முட்டையை நிறுத்தி வைத்திருந்தோம். ஆள் வற்றிப்போனார். அப்புறம் பயந்துபோய் விலை உயர்ந்த புரதப் பவுடர் டின் வாங்கினேன். உணவியல் நிபுணர் டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பொட்டாசியமும் பாஸ்பரஸும் இருக்கும்மா, தினம் ரெண்டு முட்டை வெள்ளைக்கரு கொடுங்க" என்றார். ஒரு வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் அளவுக்குப் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. எத்தனை முட்டை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டின் வாங்கும் முன்னால் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

உப்பு விஷயம். சாதா உப்பு கெடுதல், இந்துப்பு நல்லது என்று யாரோ சொல்லி, பல மடங்கு விலைக்கு இந்துப்பு வாங்கி மாதக்கணக்கில் சமைத்தேன். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு இன்னும் ஆபத்து, அதில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். எந்த உப்பானாலும் குறைவாகப் போடுவதுதான் வழி, அதற்குக் காசே வேண்டாம். அவருக்கென்று தனி அடுப்பு, தனிக் குழம்பு வைப்பதையும் விட்டுவிட்டேன். எல்லோருக்கும் உப்புக் குறைவாக ஒரே குழம்பு. வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்கிறார்கள். கேஸும் மிச்சம், அவருக்கும் தான் மட்டும் தனி என்ற எண்ணம் இல்லை. உப்பு குறைந்தால் தாகமும் குறையும். ஒரு நாளைக்கு அவருக்கு அனுமதித்த தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுகிறேன். காபி, மோர், ரசம் எதைக் குடித்தாலும் அதற்குச் சமமாகப் பாட்டிலில் இருந்து கொட்டிவிட வேண்டும்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அன்போடு இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "சித்தி, வாங்கிட்டு வர்றதா இருந்தா ரெண்டு ஆப்பிள் போதும்." ஸ்டார் ஃப்ரூட் பழம் மட்டும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் விஷம். மற்றபடி சுரைக்காய், புடலங்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ் என்று சந்தையில் மலிவாகக் கிடைப்பவைதான் பெரும்பாலும் இவர்களுக்கு ஏற்ற காய்கள். நறுக்கி நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரையும் வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் இன்னும் குறையும்.

மருந்தில்

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை எழுதித் தருவார்கள், விலையும் கொஞ்சம் அதிகம். அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் உணவில் உள்ள பாஸ்பரஸை அது பிடிக்காது. காசு வயிற்றுக்குள் போனதோடு சரி. நாங்கள் ஆறு மாதம் அப்படிப் போட்டிருக்கிறோம். ரத்தம் ஊறப் போடும் ஊசியை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று பெட்டியாக வாங்கி ஃப்ரீசரில் வைத்தேன். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, உறைந்தால் பயன்படாது. மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

பிரஷர் மாத்திரை போன்றவற்றுக்கு, மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். பில் தொகையில் பெரிய வித்தியாசம் தெரியும்.

பயத்தில் கொடுக்கும் பணம்

"டயாலிசிஸை நிறுத்திக் காட்டுகிறேன்" என்று சொல்லும் யாரிடமும் போகாதீர்கள். முற்றிலும் செயலிழந்த சிறுநீரகத்தைத் திருப்பித் தரும் கஷாயம் இல்லை. மூலிகை என்பதாலேயே கெடுதல் இல்லை என்றும் நினைக்காதீர்கள். ஆடுதீண்டாப்பாளையில் இருக்கும் ஒரு அமிலமே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. மாற்றுச் சிறுநீரகம் வாங்கித் தருகிறேன் என்று தரகர் வந்தால் அப்படியே விலகிவிடுங்கள். 1994 சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். மூளைச்சாவு அடைந்தவரிடம் இருந்து பெறுவதற்கு மருத்துவமனை வழியாக அரசின் காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்யலாம்.

கடன் வாங்கும் முன் வட்டியை வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். மூணு வட்டி என்றால் சின்னதாகத் தெரியும். 1 லட்சத்துக்கு மாதம் 3,000, வருடம் 36,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். நகை இருந்தால் அடகுக் கடைக்குப் போகும் முன்னால் கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் வட்டியை விசாரியுங்கள்.

மற்றவர்களைப் பரிசோதிக்காமல் விடுவது

இருக்கிற செலவில் இது வேறயா என்று, வீட்டில் மற்றவர்கள் சர்க்கரையும் பிரஷரும் பார்க்காமலே இருந்தோம். சிறுநீரகம் போவதற்கு இந்த இரண்டும்தான் பெரிய காரணங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்க்கிறார்கள். போன வருடம் நாத்தனாரை வலுக்கட்டாயமாக அழைத்துக்கொண்டு போனேன். எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குப் பிரஷர் 170. சிறுநீரில் லேசாகப் புரதம் போக ஆரம்பித்திருந்தது, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு இன்னும் ஏறவில்லை. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகளைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.