நகோயா ஆசியப் போட்டியை வீட்டிலிருந்து பின்தொடர்வது எப்படி? முதன்முறை பார்ப்பவர்களுக்கு

2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் 20-ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்கிறது. 16 நாள், 40-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் போன வாரம் கூப்பிட்டு, “அக்கா, இந்தத் தடவை நானும் பார்க்கப் போகிறேன். ஆனால் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை” என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நாங்கள் இருப்பது பினாங்கு, ஆயர் ஈத்தாம். எங்கள் குடும்பத்தில் பதினொரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பல வருடமாக இப்படிப் பார்த்துப் பேசி வருகிறோம்.

படி 1: மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்

விளையாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆளைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் நாளே பதக்கப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மலேசியா எத்தனையாவது இடம் என்று தேடுவார்கள். இரண்டு நாளில் சலித்துவிடும். அந்தப் பட்டியலில் சீனாவும் ஜப்பானும் கொரியாவும் மேலே இருக்கும். அதில் நமக்குப் பேச என்ன இருக்கிறது? ஒருவரை முதல் சுற்றிலிருந்து தொடர்ந்து பார்த்தால்தான் அவர் ஜெயிக்கும்போது நமக்கும் நெஞ்சு அடிக்கும்.

என்ன சொல்கிறேன் என்பதற்கு 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குவாஷ், நம் பத்திரிகைகள் சுவர்ப்பந்து என்று எழுதுமே, அதில் பெண்கள் தனிநபர் அரையிறுதி. நான்கு பேர். நம் பினாங்கின் நிக்கோல் டேவிட், கெடாவின் சிவசங்கரி சுப்பிரமணியம், சென்னையைச் சேர்ந்த ஜோஷ்னா சின்னப்பா, அதே சென்னையின் தீபிகா பள்ளிக்கல். நிக்கோல் தீபிகாவை வென்றார், சிவசங்கரி ஜோஷ்னாவை வென்றார். இறுதி ஆட்டம் இரண்டு மலேசியர்களுக்கு இடையே. ஐந்து ஆட்டம் வரை போய் நிக்கோல் தங்கம் வாங்கினார். எங்கள் வீட்டில் பாதிப் பேர் நிக்கோல் பக்கம், பாதிப் பேர் சிவசங்கரி பக்கம். சென்னையில் இருக்கும் மாமா வேறு தீபிகாவுக்காகத் தனியாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தோடு நான் சிவசங்கரியை விடவில்லை. 2022 ஜூனில் கார் விபத்தில் பலத்த காயம் பட்டு அந்த வருடக் காமன்வெல்த் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. மறுபடி ஆடுவாரா என்று கவலையாக இருந்தது. 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அவர் தனிநபர் தங்கம் வாங்கியபோது நான் அழுதேன். அடுத்த வருடம் லண்டன் கிளாசிக் ஸ்குவாஷ் பட்டமும் வந்தது. ஸ்கோரை மட்டும் பார்த்தவருக்கு இந்த அழுகை வராது.

மூன்று பேரை எப்படிப் பிரிப்பது? ஏற்கெனவே பெயர் தெரிந்த ஒருவர். நம் ஊர், நம் மாநிலத்துக்காரர் ஒருவர். மூன்றாவது, நீங்கள் இதுவரை பார்த்தே இராத ஒரு விளையாட்டிலிருந்து ஒருவர்: வில்வித்தை, முக்குளிப்பு, செபாக் தக்ரோ, எதுவும் சரி. மலேசிய அணியின் இறுதிப் பட்டியல் வந்ததும் உங்கள் மூவரும் அதில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காயத்தால் கடைசி நேரத்தில் விலகுவது சகஜம்.

படி 2: நேரத்தை மலேசிய நேரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

இந்தத் தடவை இது சுலபம். நகோயா நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 10 என்றால் இங்கே 9. அங்கே இரவு 7 மணி இறுதிச் சுற்று என்றால் இங்கே மாலை 6, அதாவது பினாங்குப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும் நேரம். பெருநிலத்தில் வேலை பார்ப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரப்பூர்வ அட்டவணை பெரும்பாலும் போட்டி நடக்கும் ஊரின் நேரத்தில்தான் இருக்கும். சில செயலிகள் உங்கள் கைப்பேசி நேரத்துக்குத் தானாக மாற்றிக் காட்டும். இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு மணி நேரத்தைக் கழித்தால் ஆட்டம் தவறிவிடும். மேலே “உள்ளூர் நேரம்” என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூவருடைய ஆட்டங்களையும் ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். கைப்பேசியில் இருப்பது உங்களுக்கு மட்டும் தெரியும், தாளில் இருப்பது வீட்டுக்கே தெரியும். முதல் சுற்றுக்கு மட்டும் நேரம் எழுதி, மற்றதற்கு இடம் விடுங்கள். ஜெயித்தால்தானே அடுத்தது.

படி 3: எதில் பார்ப்பது

காசு கட்டாமல் பார்க்க, மலேசிய அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம்மின் விளையாட்டு அலைவரிசையும் ஆர்டிஎம் கிளிக் செயலியும் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் ஆஸ்ட்ரோ. எந்த ஆட்டத்தை யார் காட்டுகிறார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு அவர்களுடைய அறிவிப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு விஷயம் மட்டும் முக்கியம், ஏனென்றால் குடும்பச் சண்டையே இதில்தான் வரும். ஆண்டெனா வழியாக வரும் இலவசத் தொலைக்காட்சிதான் பெரும்பாலும் முதலில் வரும். செயலியில் வருவது அதற்குப் பின்னால்தான். இணையத்தில் அனுப்பும்போது படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, அனுப்பி, உங்கள் கைப்பேசி கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் ஓட்டும். அரை நிமிடம் பிந்துவது சாதாரணம், சில சமயம் அதற்கும் மேல். எங்கள் சித்தப்பா வீட்டில் ஆண்டெனா. அவர் குழுவில் “ஐயோ!” என்று போடுவார். எனக்குத் திரையில் பந்து இன்னும் அடிக்கப்பட்டே இருக்காது. இதற்கு வழி ஐந்தாவது படியில் இருக்கிறது.

படி 4: உங்கள் மூவரின் விதிகளை மட்டும் படியுங்கள்

எல்லா விளையாட்டின் விதியும் தெரிய வேண்டாம். நம் ஊரில் அதிகம் பேசப்படும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஸ்குவாஷ்: ஒரு ஆட்டம் 11 புள்ளி. 10-10 ஆகிவிட்டால் இரண்டு புள்ளி முன்னால் போக வேண்டும். ஐந்தில் மூன்று ஆட்டம் எடுத்தவர் வென்றார். புதியவர்களைக் குழப்புவது நடுவர் சொல்லும் “லெட்”, “ஸ்ட்ரோக்”. இருவரும் ஒரே இடத்தில் ஓடுவதால் ஒருவர் மற்றவருக்கு இடைஞ்சலாக நிற்பது நடக்கும். அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடு என்றால் லெட். இடைஞ்சல் இல்லாவிட்டால் அடித்து ஜெயித்திருப்பார் என்று நடுவர் கருதினால் ஸ்ட்ரோக், புள்ளி அவருக்கே.

பூப்பந்து: எண்ணிக்கை திரையிலேயே தெரியும், முதல் ஆட்டத்திலேயே பிடிபட்டுவிடும். தெரிந்துகொள்ள வேண்டியது வெண்கலப் பதக்க விதி. ஆசியப் போட்டியில் அரையிறுதியில் தோற்கும் இரண்டு தரப்புக்கும் வெண்கலம் உண்டு. ஆகவே அரையிறுதிக்குப் போனாலே பதக்கம் உறுதி. ஒலிம்பிக்கில் அப்படி இல்லை, தோற்ற இருவரும் வெண்கலத்துக்காக மறுபடி மோத வேண்டும். இது தெரியாமல் 2024 பாரிசில் எங்கள் குழு பட்ட பாடு கொஞ்சமல்ல. பெர்லி டானும் தீனா முரளிதரனும் அரையிறுதிக்கு வந்தார்கள். மலேசியப் பெண்கள் இரட்டையர் எவரும் ஒலிம்பிக்கில் அதுவரை எட்டாத இடம். “பதக்கம் வந்தாச்சு” என்று சித்தப்பா போட்டார், நாங்கள் எல்லாரும் வாழ்த்துப் படம் அனுப்பினோம். அரையிறுதியில் சீன ஜோடியிடம் தோல்வி. வெண்கல ஆட்டத்தில் ஜப்பானின் மட்சுயாமா, ஷிடா ஜோடியிடமும் தோல்வி. நான்காம் இடம். குழுவில் ரொம்ப நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் அத்தைதான், “நாலாவது இடம்னா உலகத்திலேயே நாலாவது, புள்ளைங்கள நெனச்சா பெருமையா இருக்கு” என்று குரல் பதிவு அனுப்பினார். அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

ஓட்டப் பந்தயம்: முடிவுத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். பெரிய “கியூ” என்றால் இடத்தின் அடிப்படையில் அடுத்த சுற்றுக்குத் தகுதி. சின்ன “கியூ” என்றால் இடம் கிடைக்கவில்லை, நேரம் நன்றாக இருந்ததால் தகுதி. “பிபி” அவருடைய வாழ்நாளின் சிறந்த நேரம், “எஸ்பி” இந்தப் பருவத்தின் சிறந்த நேரம், “என்ஆர்” தேசியச் சாதனை. கடைசியாக வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் “பிபி” இருந்தால் அவர் தன் வாழ்நாளிலேயே வேகமாக ஓடியிருக்கிறார் என்று அர்த்தம். குழுவில் அதைச் சொல்லுங்கள், தொலைக்காட்சியில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

“என்ஆர்” எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் மணி ஜெகதீசன் ஒருவரே போதும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை, 49 வருடம், அப்படியே நின்றது. 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 தொடர் ஓட்டம் மூன்றிலும் அவருக்குத் தங்கம். அதே போட்டியில் எம். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார்.

படி 5: பேசுவதற்கு ஒரு குழு

வாட்ஸ்அப்பில், புலனம் என்று சொல்கிறவர்கள் புலனத்தில், இதற்கென்று தனிக் குழு தொடங்குங்கள். இருக்கிற குடும்பக் குழுவில் போட்டால் கோயில் அறிவிப்புக்கும் காலை வணக்கப் பூவுக்கும் நடுவில் ஆட்டம் காணாமல் போகும். ஆறு பேர் இருந்தாலே போதும்.

குழுவின் மேலே ஒரு செய்தியைக் குத்தி வைக்கும் (“பின்”) வசதி இருக்கிறது. 30 நாள் வரை நிற்கும், 16 நாள் போட்டிக்குத் தாராளம். அதில் எங்கள் விதிகளை இப்படிப் போட்டிருக்கிறோம்:

“ஆட்டம் நடக்கும்போது முடிவைச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் பொறுக்கவும். செயலியில் பார்க்கிறவர்கள் பின்னால் இருக்கிறார்கள்.

வேலையில் இருப்பவர் ‘இன்னும் பார்க்கலை’ என்று போட்டால், அவர் ‘பார்த்தாச்சு’ என்று சொல்லும் வரை அந்த ஆட்டத்தின் முடிவைப் பற்றிப் பேச வேண்டாம்.

தோற்றவரைத் திட்ட வேண்டாம். அவருடைய இன்ஸ்டகிராம் பக்கத்தில் போய் எழுதவே வேண்டாம்.”

இரண்டாவது விதி என் தம்பிக்காக வந்தது. பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் பார்க்கிறான், காலையில் வந்து பசியாறிவிட்டுத்தான் மறு ஒளிபரப்பு பார்ப்பான். மூன்றாவது விதியில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நான்கு வருடம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த பிள்ளைக்கு அந்த இரவில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதும் வசை எப்படி இருக்கும்? ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். “இரண்டாவது ஆட்டத்தில் வலைக்கு அருகே வரவே இல்லை” என்று சொல்வது விமர்சனம். அது எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும்.

சின்னதாக ஒன்று: “வெள்ளி கிடைச்சிருச்சு” என்று மட்டும் போடாதீர்கள். நம் ஊரில் வெள்ளி என்றால் பணம், வெள்ளி என்றால் கிழமை. வெள்ளிப் பதக்கம் என்றே எழுதுங்கள்.

பேச்சு வரவில்லை என்றால் கேள்வி கேளுங்கள். வாக்கெடுப்பு போட்டு “எத்தனை ஆட்டத்தில் முடியும்?” என்று கேட்கலாம். அதைவிட நல்ல வழி, பெரியவர்களிடம் பழைய கதை கேட்பது. “தாத்தா, 1998 காமன்வெல்த் போட்டி கோலாலம்பூரில் நடந்ததே, 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா?” என்று நான் ஒரு தடவை கேட்டேன். அதுவரை ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டுக்கொண்டிருந்த தாத்தா தொடர்ந்து ஏழு குரல் பதிவு அனுப்பினார்.

படி 6: ஒரு நாளாவது மாமாக் கடையில்

முக்கியமான ஆட்டம் ஒன்றையாவது வெளியே, மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) போய்ப் பாருங்கள். பெரிய திரை இருக்கும் கடையாகப் பார்த்து முக்கால் மணி நேரம் முன்பே போங்கள். திரையில் பெரும்பாலும் காற்பந்துதான் ஓடும். உட்கார்ந்ததும் கடைக்கார அண்ணனிடம், “அண்ணே, ஆறு மணிக்குப் பூப்பந்து இருக்கு, மாத்திவிட முடியுமா?” என்று கேட்டு வைத்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு கேட்டால் பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கோபம் வரும். ஆறு பேர் மேசையில் ஒரு தே தாரேயை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காராமல், ரொட்டி சானாயோ மீ கோரெங்கோ ஏதாவது சொல்லிக்கொண்டிருங்கள். மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாரும் ஒரே புள்ளிக்கு எழுந்து நிற்பதை நேரில் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

படி 7: அக்டோபர் 4 இரவு

குழுவைக் கலைக்காதீர்கள். நிறைவு விழா முடிந்ததும் ஒவ்வொருவரும், செப்டம்பர் 19-க்கு முன் தனக்குத் தெரியாத ஒரு விளையாட்டாளரின் பெயரைக் குழுவில் எழுத வேண்டும். ஏன் அவர் என்று ஒரு வரியும் சேர்க்கலாம். அந்தப் பெயர்களை ஐஸ்பெட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2027-இல் சீ போட்டி (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) மலேசியாவிலேயே நடக்கிறது. அந்தத் தாளில் இருக்கும் மலேசியர் யார் ஆடினாலும் டிக்கெட் எடுத்து நேரில் போவது என்று எங்கள் வீட்டில் இப்போதே முடிவு செய்துவிட்டோம். தம்பி அதற்காக லீவைக்கூடச் சேர்த்து வைக்க ஆரம்பித்துவிட்டான்.