பேரூராட்சிக்குத் தகவல் உரிமை மனு எழுதும் முறை: விளக்கம் கேட்காதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள்

எங்கள் தெருவில் போடப்பட்ட சிமெண்ட் சாலை ஓர் ஆண்டு முடிவதற்குள் ஓரங்களில் உடைந்து, நடுவில் ஜல்லி தெரியத் தொடங்கியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி ஓரளவு படித்திருந்த துணிச்சலில், "இந்தச் சாலை ஏன் தரமற்ற முறையில் போடப்பட்டது? இதற்கு யார் பொறுப்பு?" என்று பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. மனுதாரர் கோருவது விளக்கமும் கருத்துமே அன்றி, சட்டப்பிரிவு 2(எஃப்) கூறும் தகவல் அல்ல என்று அதில் இரண்டு வரிகள் மட்டுமே இருந்தன. எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் சட்டத்தை எடுத்து மீண்டும் படித்தபோது, அந்தப் பதிலை எழுதியவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. இரண்டாவது மனுவில் வேண்டிய அனைத்தும் கிடைத்தன. இரண்டு மனுக்களுக்கும் இடையே என்ன மாறியது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஊருக்குள் ஓடும் எல்லாச் சாலைகளும் பேரூராட்சியுடையவை அல்ல. முக்கியச் சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால், ஊருக்கு வெளியே உள்ள குழாயும் நீரேற்று நிலையமும் குடிநீர் வடிகால் வாரியத்தைச் சேர்ந்தவையாகவும், தெருக் குழாய்கள் பேரூராட்சியைச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் மனு வீணாகாது. பிரிவு 6(3)-இன்படி அவர்களே ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

படி 2: பதிவேட்டின் பெயரைக் கண்டுபிடித்தல்

நான் இடறி விழுந்த இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பேசுகிறேன்.

சட்டம் நமக்குத் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைப் பார்க்கும் உரிமையை. புதிதாக ஒரு விளக்கத்தை உருவாக்கித் தரவோ, தன் செயலுக்குக் காரணம் யோசித்துச் சொல்லவோ தகவல் அலுவலருக்குக் கடமை இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே கூறிவிட்டது. எனவே "ஏன்" என்று தொடங்கும் ஒவ்வொரு கேள்வியும் மறுப்புக் கடிதத்துக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் முதல் வரியாகிவிடுகிறது. அதே "ஏன்" என்பதற்கான விடை ஏதோ ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும்; அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டால், இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க இடமில்லை.

ஒரு தெருவுக்குச் சாலை போடும்போது என்னென்ன தாள்கள் உருவாகின்றன என்று யோசித்துப் பாருங்கள். மன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும். அது தீர்மானப் பதிவேட்டில் இருக்கும். பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். அதில் சாலையின் நீளம், அகலம், கனம், கலவை விகிதம், செலவு எல்லாம் இருக்கும். ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, ஒருவருக்குப் பணி ஆணை வழங்கப்பட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகும். பணி நடக்கும்போது பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அதை "எம் புக்" என்றே சொல்வார்கள். அந்தப் புத்தகத்தின் அளவுகளைக் கொண்டுதான் ஒப்பந்ததாரரின் பட்டியலுக்கு, அதாவது பில்லுக்கு, பணம் வழங்கப்படுகிறது. ஆக, தரையில் உண்மையில் என்ன செய்யப்பட்டது என்று அலுவலகம் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட முக்கிய ஆவணம் எம் புக்தான். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காமல் கேளுங்கள் என்பேன்.

என் இரண்டாவது மனுவில் "ஏன்" என்ற சொல்லே இல்லை. தெருவின் பெயரையும் பணி நடந்த நிதியாண்டையும் குறிப்பிட்டு, பின்வருமாறு எழுதினேன்: "மேற்படி பணிக்கான மன்றத் தீர்மானத்தின் நகல், மதிப்பீட்டு அறிக்கையின் நகல், பணி ஆணையின் நகல், ஒப்பந்தத்தில் குறைபாடுகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலத்தைக் குறிப்பிடும் பக்கத்தின் நகல், அளவுப் புத்தகத்தில் இப்பணி தொடர்பான பக்கங்களின் நகல், இறுதிப் பட்டியலின் நகல் ஆகியவற்றைச் சான்றொப்பமிட்டு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." வந்த தாள்களில் ஒன்று சாலையின் கனம் 15 சென்டிமீட்டர் என்றது. உடைந்த ஓரத்தில் நான் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது 10 கூடத் தேறவில்லை. பொறுப்புக் காலம் இன்னும் முடியவில்லை என்பது இன்னொரு தாளில் இருந்தது. இவ்விரண்டு தாள்களையும் இணைத்துச் செயல் அலுவலருக்குத் தனியாக ஒரு புகார் மனு கொடுத்த பிறகுதான் ஒப்பந்ததாரர் திரும்பி வந்தார்.

குடிநீர், தெருவிளக்கு, குப்பை எதுவானாலும் இதே முறைதான். "ஏன் விளக்கு எரிவதில்லை" என்பதற்குப் பதிலாக, புகார்ப் பதிவேட்டில் உங்கள் தெரு தொடர்பான பக்கங்களையும், குறிப்பிட்ட மாதங்களில் விளக்குகள் வாங்கியதற்கும் வழங்கியதற்கும் உள்ள இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களையும் கேளுங்கள். பதிவேட்டின் சரியான பெயர் தெரியாவிட்டால் "இப்பொருள் தொடர்பாகப் பராமரிக்கப்படும் பதிவேடு, அது எப்பெயரில் இருப்பினும்" என்று எழுதலாம்.

படி 3: மனுவின் வடிவம்

ஒரு வெள்ளைத் தாள் போதும். அச்சிட்ட படிவம் எதுவும் தேவையில்லை. பெறுநர் இடத்தில் அலுவலரின் பெயரை எழுதாமல் "பொதுத் தகவல் அலுவலர்" என்று பதவியை மட்டும் எழுதுங்கள், ஏனெனில் மனு போய்ச் சேர்வதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருக்கலாம். தமிழிலேயே எழுதலாம், பிரிவு 6(1) அதற்கு இடமளிக்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, அவர்கள் கேட்கவும் கூடாது என்கிறது 6(2). ஆகவே சாலையால் நீங்கள் பட்ட துன்பத்தை விவரிக்கும் பத்தியை அடித்துவிடுங்கள். ஒரு மனுவில் ஒரு பொருள் என்பதும், ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பதும் நானே வைத்துக்கொண்ட விதிகள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் மாதிரி மனுக்களை நான் பரிந்துரைப்பதில்லை. இருபது சட்டப்பிரிவுகளை அடுக்கி, தகவல் தராவிட்டால் சிறை என்பது வரை மிரட்டும் அந்த மனுக்களில் கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருக்கிறது. சில மாதிரிகள் இன்னும் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தையே மேற்கோள் காட்டுகின்றன. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்பது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் மனுவில் இவ்விரண்டில் எதையும் குறிப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

படி 4: பத்து ரூபாய்

தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய். அலுவலகத்தில் ரொக்கமாகச் செலுத்தி ரசீது பெறலாம். எளிய வழி, மனுவின் மேற்பகுதியில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டுவது. என் முதல் மனுவில், கணக்குச் சீட்டுகளில் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி அனுப்பி, கட்டணம் செலுத்தப்படவில்லை என்று அது திரும்பி வந்து, மறுபடியும் அனுப்பினேன் என்பதை இங்கே வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் என்று கேட்டு, முத்திரைத்தாள் விற்பவரிடம் வாங்குங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு இந்த வில்லை செல்லாது. அங்கே இந்திய அஞ்சல் ஆணை அனுப்புவது வழக்கம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் அதற்கான சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

படி 5: அனுப்புதல்

இணையவழியில் மனு செய்யும் வசதி மாநிலத்தில் இருக்கிறது என்றாலும், சிறிய அலுவலகங்களுக்கு நான் தபாலையே நம்புகிறேன். நேரில் கொடுப்பதானால் உங்கள் நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை பெறாமல் திரும்பாதீர்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்ற அன்பான சொல்லுக்கு மேல்முறையீட்டில் மதிப்பில்லை. அனுப்பும் முன், வில்லை ஒட்டிய நிலையில் மனுவைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நாட்களை எண்ணுதல்

மனு அலுவலகத்தை அடைந்த நாளிலிருந்து 30 நாட்கள். இதில் பலரும் கவனிக்காத ஒரு நெளிவு உண்டு. நகல்களுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கட்டணம் செலுத்துமாறு ஒரு கடிதம் வரும். அக்கடிதம் அனுப்பப்பட்ட நாள் முதல் நீங்கள் பணம் செலுத்தும் நாள் வரையிலான காலம் அந்த 30 நாட்களில் சேராது. 48 பக்கங்களுக்கு 96 ரூபாய் கேட்டு வந்த கடிதத்தை நான் மேசையில் வைத்து மறந்துவிட்டு, முப்பது நாள் கடந்துவிட்டதே என்று மேல்முறையீடு எழுத உட்கார்ந்தபோதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது. மாறாக, அவர்கள் காலக்கெடுவைத் தவறவிட்டால் பிரிவு 7(6)-இன்படி அத்தனை நகல்களையும் இலவசமாகவே தர வேண்டும். எனவே கட்டணக் கடிதத்தில் உள்ள தேதியை மட்டும் பார்க்காமல், உறையின் மீதுள்ள அஞ்சல் முத்திரைத் தேதியையும் பாருங்கள். உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள்.

படி 7: பதில் வராவிட்டால்

30 நாட்களில் பதில் இல்லையென்றால் அது மறுப்பாகவே கருதப்படும். அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அவர் யார் என்பது மறுப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். பதிலே வராதபோது, பெறுநரை மட்டும் மாற்றி, "மேல்முறையீட்டு அலுவலர்" என்ற பதவிக்கு அதே அலுவலக முகவரியில் எழுதினாலும் நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதைவிட, அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ள தகவல் உரிமைப் பலகையைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பானது. அவர் 30 நாட்களில், காரணம் பதிவு செய்தால் அதிகபட்சம் 45 நாட்களில், முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நிறைவு இல்லையென்றால் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு மிகாமல், அபராதம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. என் அனுபவத்தில் முதல் மேல்முறையீட்டுக் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே பெரும்பாலான தாள்கள் வந்துவிடுகின்றன.

பின்சேர்க்கை 1: முதல் மேல்முறையீட்டைச் செய்யாமல், பிரிவு 18-இன் கீழ் நேராக ஆணையத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிரிவு 18-இல் அலுவலருக்கு அபராதம் கிடைக்கலாம், உங்களுக்குத் தகவல் கிடைக்காது. மணிப்பூர் தொடர்பான வழக்கில் 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியதும் இதுவே. தாள் வேண்டுமானால் பிரிவு 19 சொல்லும் மேல்முறையீட்டு வழியே செல்லுங்கள்.

பின்சேர்க்கை 2: "பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்கிறார்கள், அஞ்சலகத்தில் அது இல்லை என்கிறார்களே" என்று கேட்டிருந்தார்கள். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும், சேர்ந்த நாளைக் காட்டும் இணையப் பக்கத்தின் படத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். நாட்களை எண்ண அதுவே போதும்.

பின்சேர்க்கை 3: ஆவணங்கள் மிக அதிகம், நகல் எடுத்துத் தர இயலாது என்று பதில் வந்தவர்கள், பிரிவு 2(ஜே)-இன் கீழ் நேரில் பார்வையிட நாள் குறித்துத் தருமாறு எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. குறிப்பெடுக்கலாம், வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்துக் கொடுத்து நகல் பெறலாம். பயன்படுத்தப்பட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அடுத்த முறை எங்கள் தெருவில் சாலை போடும்போது அதைத்தான் கேட்பதாக இருக்கிறேன்.