விலக்குச் சாப்பாடும் எங்கள் குசினியும்: விடக்கூடாத பிழைகள்

எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகமானவற்றை 2 முதல் 6 கிழமை வரை நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். என் மகனுக்கு வைத்தியர் நிறுத்தச் சொன்னவை கோதுமை, பசுப்பால், றால், நண்டு. பாண், பிஸ்கட், கொத்துரொட்டி எதையும் வீட்டுக்குள் விடவில்லை. இரண்டாம் கிழமையும் பிள்ளை சொறிந்துகொண்டுதான் இருந்தான்.

கள்ளன் தோசைக்குள் இருந்தான். "மாமி, இதுக்குள்ள கோதுமை மா போட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"பின்னை? ஒரு சுண்டு உழுந்துக்கு ஒரு சுண்டு மா. மா போடாமல் என்னெண்டு தோசை சுடுறது?"

மாமியில் பிழையில்லை. தமிழ்நாட்டுக் குறிப்புகளில் தோசை என்றால் அரிசியும் உழுந்தும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மாவும் சேரும். புட்டு, இடியப்பம், முறுக்கு எல்லாவற்றிலும் அவித்த கோதுமை மா கலப்பது வழக்கம். கடையில் வாங்கினால் கலப்பு என்னவென்று கேட்காமல் வாங்காதீர்கள்.

தனி அரிசி மாவில் புட்டு கல்லாகிவிடும் என்று பயப்படுவார்கள். மாவை நன்றாக வறுத்து, உப்புப் போட்ட சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறிவிட்டு, சுண்டு விளிம்பால் கொத்துங்கள். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால்தான் கட்டிபடும். ஆனால் பழைய நீத்துப்பெட்டியில் அவிக்க வேண்டாம். ஓலைப் பின்னலுக்குள் ஒட்டியிருக்கிற கோதுமை மா கழுவினாலும் முழுதாகப் போகாது. புதுப்பெட்டி ஒன்று வாங்கி, பிள்ளைக்கென்று வையுங்கள். அரிதட்டுக்கும் இதே கதைதான்.

மிளகாய்த்தூள் அடுத்த பொறி. வீட்டில் வறுத்த சரக்கு சுத்தமாகத்தான் இருக்கும், மில்லில் முன்னால் நின்றவர் என்ன அரைத்தார் என்பது யாருக்குத் தெரியும்? இந்தக் கிழமைகளுக்கு வீட்டு மிக்சியில் அரைப்பதே நல்லது. கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்.

கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தியக் குறிப்புகளை வாசிக்கும்போது கவனம். எங்களுக்குக் கடலை என்றால் கோயில் வாசலில் அவித்து விற்கிற கொண்டைக்கடலை. அங்கே 'கடலை எண்ணெய்' என்றால் கச்சான் எண்ணெய். 'கடலை மாவு' என்றாலோ கடலைப்பருப்பு மா. ஒரே சொல், இரண்டு சாமான்.

பசுப்பால் ஒவ்வாமைக்கு ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்லாத ஆச்சி ஊரில் இல்லை. இரண்டிலும் உள்ள புரதங்கள் மிக நெருங்கியவை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. நெய்யிலும் பால்புரதம் கொஞ்சம் தங்கும். தேங்காய்ப்பால் கறிக்குச் சரி, பசுப்பாலில் இருக்கிற கல்சியம் அதில் இல்லை. குரக்கன் கூழ், முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி (மீன் ஒத்துக்கொண்டால்) என்று வேறு வழியில் ஈடுகட்டுங்கள்.

'நல்லாய் அவிச்சால் ஒன்றும் செய்யாது' என்பது றாலுக்குப் பொருந்தாது. அதில் ஒவ்வாமை தருகிற முக்கியப் புரதம் கொதியைத் தாங்கும். றால் பொரித்த எண்ணெயில் வடை சுடுவதும் அதே பிழை.

குணமானதும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போவது இன்னொன்று. பிள்ளை மெலியும். அதோடு, நெடுநாள் விலக்கிய உணவுக்குச் சிலரின் உடம்பு முன்னையைவிடக் கடுமையாகக் காட்டும். முன்பு எப்போதாவது உதடு வீங்கி, மூச்சு முட்டியிருந்தால், அந்த உணவை வீட்டில் சோதிக்கவே கூடாது. அது வைத்தியரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது.

மற்றவற்றைத் திருப்பிச் சேர்க்கும்போது அவசரம் வேண்டாம். ஒரு உணவு, சிறிய அளவு, 3 நாள் பொறுமை, கொப்பியில் ஒரு வரி. ஒடியற் கூழோடு தொடங்கினால் கதை முடிந்தது: றால், நண்டு, கணவாய், மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே சட்டிக்குள். மறுநாள் சொறிந்தால் எதைப் பிடிப்பது? எங்கள் வீட்டில் றால் முடிந்து நண்டுக்கு வந்திருக்கிறோம். கூழ்ச்சட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.