கட்ஆஃப் தாளில் எந்தப் பத்தியைப் பார்ப்பது?

மகளின் பொறியியல் கலந்தாய்வு நேரத்தில், முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை வைத்து யாரோ போட்ட எக்செல் தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. அதன்படி ஒரு கல்லூரியில் பாதி இடம் பி.சி.க்கு! ஒதுக்கீடோ 26.5 சதவீதம்தான். உறவினர் ஒருவர் கொதித்தே போனார்.

மூலப் பட்டியலைத் திறந்தேன். மாணவரின் சாதி வகுப்பு (பி.சி., எம்.பி.சி. போன்றது) ஒரு பத்தியில் (காலம்), எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்பது வேறொரு பத்தியில். தாள் போட்டவர் முதலாவதை எண்ணியிருந்தார். தமிழ்நாட்டில் மொத்த இடஒதுக்கீடு 69 சதவீதம், அது போக மீதி 31 சதவீதம் பொதுப்போட்டி (ஓ.சி.). இந்தப் பொதுப்போட்டி எந்தச் சாதிக்கும் தனியாக வைத்ததல்ல. நல்ல மதிப்பெண் வாங்கிய பி.சி. மாணவிக்கு அங்கே இடம் கிடைத்தால் வகுப்பு பி.சி., ஒதுக்கிய பிரிவு ஓ.சி.

சரி என்று, எக்செலில் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் இரண்டாவது பத்தியைப் போட்டு, பிரிவுவாரியாக இடம் கிடைத்த குறைந்தபட்ச மதிப்பெண்ணை, அதாவது கட்ஆஃபை, எடுத்தேன். வகுப்பை வைத்துப் பார்த்ததைவிட ஓ.சி. கட்ஆஃப் இறங்கியது, அந்தக் கடைசி இடத்தில் இருந்தவர் எம்.பி.சி. மாணவர். பொதுப்போட்டியை மட்டுமே நம்பியிருந்த எங்களுக்கு, கைவிட்ட சில கல்லூரிகள் விருப்பப் பட்டியலுக்குத் திரும்பின. அப்புறம் அருந்ததியருக்கான 3 சதவீதம் எஸ்.சி.யின் 18-க்குள்ளேயே அடக்கம். தனியாகக் கூட்டினால் மொத்தம் 69-க்குப் பதில் 72 வந்து நிற்கும்.