கைக்குழந்தைக்கு காது கேக்குதானு எப்படி பாக்குறது, கொழும்புல எங்க போறது

கை தட்டினா பிள்ளை திரும்புது, அதனால காது நல்லா கேக்குதுனு வீட்டுல முடிவு எடுத்துடாதீங்க ப்ளீஸ். கை அசையுறது கண்ணுல படும், கதவை அடிச்சா கட்டில் அதிரும், இதுக்கெல்லாம் காது கேக்காத பிள்ளையும் திரும்பும். மூணு நாலு மாசத்துல "ஆ... ஊ..."னு சத்தமும் போடும், பிறகு வரவேண்டிய "பபப, மமம" வராம இருந்தா தான் வீட்டாளுங்களுக்கு சந்தேகமே வரும், அதுக்குள்ள எவ்வளவு காலம் போயிடுது பாருங்க.

பிறக்குற 1000 பிள்ளைகள்ல 1 முதல் 3 பேருக்கு காது கேக்காத பிரச்சினை இருக்கு. டொக்டர்மார் சொல்ற கணக்கு 1-3-6, அதாவது 1 மாசத்துக்குள்ள முதல் டெஸ்ட், 3 மாசத்துக்குள்ள இருக்கா இல்லையானு உறுதி, 6 மாசத்துக்குள்ள காது கேக்குற மெஷினும் பேச்சு தெரபியும்.

முதல் டெஸ்ட் பேரு ஓஏஈ (OAE), காதுல சின்ன ப்ரோப் ஒண்ண வைப்பாங்க, சில நிமிஷத்துல முடியும், வலி இல்ல. வார்ட்ல துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்ப முந்தி செஞ்சாச்சானு கேளுங்க, செய்யலனா மிட்வைஃப் மிஸ்கிட்ட இல்ல க்ளினிக்ல சொல்லி ஈஎன்டிக்கு (காது மூக்கு தொண்டை டொக்டருக்கு) லெட்டர் எடுங்க. கொழும்புல போறதுனா, பொரளை லேடி ரிட்ஜ்வே பிள்ளைகளுக்கான அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கட்டத் தேவையில்ல. குறைமாசம், என்ஐசியூல (பிறந்த பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சை வார்ட்) 5 நாளுக்கு மேல இருந்தது, ரத்தம் மாத்துற அளவுக்கு மஞ்சள் காமாலை, சொந்தத்துல யாருக்கும் சின்னதுலயே காது கேக்காதது, இதுல ஒண்ணு இருந்தாலும் ஓஏஈ பாஸ்னு விட்டுடாம பேரா (BERA) டெஸ்டும், அதாவது காதுல இருந்து மூளைக்கு போற நரம்ப பாக்குற டெஸ்டும் கேளுங்க, ஏன்னா காது சரியா இருந்து நரம்புல பிரச்சினைனா ஓஏஈல தெரியாது.

பேராவுக்கு பிள்ளை நல்லா தூங்கணும். அன்னைக்கு தலைக்கு எண்ணெய், நெத்திக்கு பவுடர், பொட்டு எதுவும் வேணாம், நெத்தியிலயும் காதுக்கு பின்னாலயும் ஒட்டுற எலக்ட்ரோட் வழுக்கிடும். வழியில தூங்க விடாம கூட்டிட்டு போய், அங்க வச்சு பால் குடுத்து தூங்க வைங்க. த்ரீவீல்ல ஏறினதும் தூங்கிடும், அதனால கூட ஒருத்தர கூட்டிட்டு போங்க.

கேக்கலனு வந்தா கிரகணத்துல வெளிய போனா, அதை சாப்பிட்டானு தாயை குத்தம் சொல்றது உடனே ஆரம்பிக்கும், தயவு செய்து அதுக்கு இடம் குடுக்காதீங்க. பாதிக்கு மேல பரம்பரை ஜீனால வாறது, தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் நல்லா கேட்டாலும் வரும்.

மெஷின் போட்டா கண் முழிச்சிருக்குற நேரம் முழுக்க காதுல இருக்கணும். கீ...னு விசில் அடிச்சா பெரும்பாலும் காதுக்குள்ள வைக்கிற அச்சு சின்னதாயிட்டுனு அர்த்தம், காது வளருதுல்ல, புதுசு எடுக்கணும். ராவைக்கு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க, கொழும்பு புழுக்கத்துக்கு மெஷின் தாங்காது. பட்டரிய பிள்ளைக்கு எட்டாம வைங்க, முழுங்கினா உயிருக்கே ஆபத்து. மெஷின்ல பிரயோசனம் இல்லனா கொக்லியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செஞ்சு உள்காதுல வைக்கிற கருவி) பத்தி ஒரு வயசுக்கு முந்தியே பேச தொடங்குங்க. சைகை மொழியும் சேத்து பழக்கலாம், அதனால பேச்சு கெட்டுப்போகாது, வீட்டுல தமிழ்னா தமிழ்லயே முகத்த பாத்து கதைச்சுட்டே இருங்க.