பாம்பன் தீவு இயங்கும் விதத்தைக் குறிப்பெடுத்து எழுதும் முறை

பள்ளித் திட்டத்துக்கோ ஊர் வரலாற்றுக்கோ, இராமேசுவரம் கோயில் அமைந்த பாம்பன் தீவைப் பற்றி எழுதப் புகுவோர் பலர் கோயில் கோபுரத்தில் தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகின்றனர். தீவின் ஆட்சியும் தொழிலும் போக்குவரத்தும் எப்படி நடக்கின்றன என்பதே பொருளானால், முதலில் ஒரு தாளில் தீவை வரைந்து, எந்தப் பகுதி எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று குறித்துக்கொள்ள வேண்டும். நிலப்படத்தில் தீவு ஒன்று. ஆட்சியில் அது ஒன்றன்று.

இராமேசுவரம் ஒரு நகராட்சி; பாம்பனும் தங்கச்சிமடமும் மண்டபம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிகள். நிலத்துக்கும் சான்றிதழ்களுக்கும் வட்டாட்சியர், கோயிலுக்கு இந்து சமய அறநிலையத் துறை என்று பொறுப்புகள் பிரிகின்றன. அருகிலுள்ள குருசடைத் தீவோ 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், அங்கே வனத்துறையின் சொல்லே செல்லும். ஆகவே 'தீவு நிர்வாகம்' என்ற பொதுச்சொல்லைத் தவிர்த்து, எந்தத் துறை என்பதைப் பெயர் சொல்லி எழுதுக.

தொழிலைப் பற்றி எழுதுமுன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நான் முதன்முறை மே மாதத்தில் சென்று, கட்டிக்கிடந்த படகுகளைக் கண்டு, தொழில் நொடித்துவிட்டது என்று எழுதி அசடு வழிந்திருக்கிறேன். தடை இல்லாத மாதங்களிலும் பாக் நீரிணைக் கரையில் வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுக்கும் நான்கு நாட்கள் நாட்டுப்படகுக்கும் என்ற முறை உண்டு. விசைப்படகு புறப்பட மீன்வளத் துறையின் டோக்கன் வேண்டும். எனவே எந்தக் கிழமையில் கரைக்குச் சென்றீர்கள் என்பதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். 'எத்தனை படகு' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'வடகடலா, தென்கடலா' (பாக் நீரிணைப் பக்கமா, மன்னார் வளைகுடாப் பக்கமா) என்றும் கேட்டால், 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது இன்றைய பிழைப்பை எங்கே தொடுகிறது என்பது தானாகவே பேச்சில் வரும். ஐஸ் உடைப்பவர், கருவாடு காயவைக்கும் பெண்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோரையும் கணக்கில் எடுங்கள். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று வெளியூர்களுக்குப் போகும் சரக்கு என்பதையும் பலர் விட்டுவிடுகின்றனர்.

வழித்தடங்களை ஆண்டு வரிசையில் எழுதுவதைவிட, எப்போது எது அறுந்தது என்று பார்ப்பது நல்லது. 1914இல் ரயில் பாலம் வந்தது. 1988இல் சாலைப் பாலம் திறக்கும் வரை தரைவழி அது ஒன்றே. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாலமும் சேதமடைந்தது. 46 நாட்களில் அதைச் சீரமைத்தனர். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றபின், செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியுடன் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை, சாலைப் பாலமே தனித்துச் சுமந்தது. அந்த இடைவெளியில் யாத்திரிகர் எங்கே இறங்கினர், மீன் லாரி எவ்வளவு காத்திருந்தது என்று தங்கும் விடுதியினரிடமும் ஏலக்காரரிடமும் கேட்டு எழுதுக. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும் நாளில் சென்றால், கூண்டின் எண்ணையும் கரையில் கட்டிய படகுகளையும் தேதியோடு பதிந்துகொள்ளுங்கள்.